அஞ்சு சொட்டுக் கிணறு

எல்லோரும் சுகந்தானே? வெயில் ஏறிவிட்டது, தலையில் துணி போடாமல் வெளியே போகாதீர்கள். முழங்கால் வலிக்காரர்கள் காலை நீட்டிக்கொண்டு உட்காருங்கள். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். ஆனால் குடிப்பதற்கு முன்னால் அது எந்தத் தண்ணீர் என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

தொண்ணூற்றேழாம் வருஷம், மாசி மாதக் கடைசி. காங்கேயத்துக்கு வடக்கே கல்லாங்காட்டுப்புதூர் என்று ஓர் ஊர். நாற்பது வீடு, ஒரு மாரியம்மன் கோயில், எட்டாவது வரைக்கும் ஒரு நடுநிலைப் பள்ளி. பள்ளிக்கு ஒரு மைல் தள்ளி, தனிக்காட்டில் தெய்வாத்தாளின் வீடு. புருஷன் பாலுசாமி. மூத்தவன் அருள்குமார் சாயப்பட்டறையில் வேலைக்குப் போகிறான். சின்னவள் மோகனப்பிரியா ஏழாவது படிக்கிறாள். நாலு ஏக்கர் வெள்ளாமைக் காடு, ரெண்டு எருமை, ஒரு கிணறு.

அந்தக் கிணற்றைப் பார்க்கத்தான் தெய்வாத்தாளுக்குப் பயம். தை மாதத்திலிருந்தே பயம். விடிந்ததும் எருமையைப் பீச்சப் போகிறவள், கிணற்று மேட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் போவாள். ஆனாலும் திரும்பி வரும்போது கால் தானாக அங்கே போகும். எட்டிப் பார்ப்பாள். தண்ணீர் மேலே நுரை, பால் பொங்கி அடங்கினதுபோல ஓரம் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். நுரைக்குக் கீழே லேசாக ஊதா. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பாள்.

காரணம் அவளுக்குத் தெரியும். காட்டின் மேல்கோடியில் பழைய பாறைக்குழி ஒன்று, கல் உடைத்துப் போனபின் சும்மா கிடந்தது. கார்த்திகையில் அருள்குமாரின் முதலாளியே காரில் வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, தெய்வாத்தாள் ஆக்கிப் போட்ட அரிசிம்பருப்புச் சோற்றை நெய் விட்டுச் சாப்பிட்டார். கையைக் கழுவும்போதுதான் கேட்டார்.

"ஏனுங்க பாலுசாமி, அந்தக் குழி சும்மாதானுங்களே கெடக்குது? ஒரே ஒரு நடை, பட்டறைத் தண்ணி கொட்டிக்கறனுங்க."

பாலுசாமி நல்ல மனிதர். அவரிடம் ஒரே ஒரு சீக்கு. வாசலுக்கு வந்து கேட்டவர்களுக்கு 'இல்லை' என்று சொல்ல அவர் நாக்கு மடங்காது.

"அதுக்கென்னுங்க, கொட்டிக்குங்க" என்றார்.

ஒரு நடை பத்து நடை ஆனது. சந்தை நாள் பார்த்து, ஊர்ச் சனம் முக்கால்வாசி சந்தைக்குப் போயிருக்கும் உச்சிவெயில் நேரத்தில், டேங்கர் லாரி வரும். வழி காட்ட அருள்குமாரே முன்னால் உட்கார்ந்து வருவான். மறு மாதம் அவன் வேலை நிரந்தரமானது. அதற்கு அடுத்த மாதம் கிணற்றுத் தொட்டித் தண்ணீர் குடித்த எருமைக்கன்று நாலு நாள் கழிச்சலெடுத்துச் செத்தது. "வெறும் கழிச்சல்தான்" என்றார் பாலுசாமி, அவள் முகத்தைப் பார்க்காமல். அன்றிலிருந்து வீட்டில் குடிக்க, சமைக்க எல்லாம் பைப்புத் தண்ணி. ஆற்றிலிருந்து வரும் பஞ்சாயத்துக் குழாய், நாலு நாளைக்கு ஒருதரம்தான் விடுவார்கள். பித்தளைக் குடத்தில் பிடித்து வைத்து, சொட்டுச் சொட்டாகச் செலவு செய்தாள். மகளிடம், "கெணத்துல பாசி புடிச்சுப்போச்சு கண்ணு" என்றாள்.

வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? கீழ்க்காட்டுக் கிணறெல்லாம் ஒவ்வொன்றாக உப்பாகிக்கொண்டு வருகிறது. யார் வீட்டால் வந்தது என்று தெரிந்தால் ஊர் திரண்டு வரும். பையன் வேலை போகும். அவனுக்கு எவன் பெண் கொடுப்பான்? இப்படியே நினைத்து நினைத்து, வெற்றிலை போடுவதைக்கூட மறந்துபோனாள் தெய்வாத்தாள்.

அப்போதுதான் அந்த வேன் வந்தது.

"அம்மா, எல்லாரும் அவுங்கவுங்க ஊட்டுக் கெணத்துத் தண்ணி கொண்டாரோணுமாம்" என்று சின்னக் கண்ணாடிப் பாட்டிலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றாள் மோகனப்பிரியா. பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி, பேர் எழுதியிருந்தது.

"ஆரு கேட்டா?"

"வேன்ல வந்திருக்கறாங்கல்ல, பிராங்க் அண்ணனும் லின்சி அக்காளும். போத்தனூர்க்காரங்க. ஊரூராப் போயி, மண்ணு தண்ணியெல்லாம் கெடாம எப்பிடிப் பாத்துக்கறதுன்னு பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குச் சொல்லித் தராங்க. சம்பளமெல்லாம் இல்லியாம்."

"சம்பளமில்லாம எவனாச்சும் ஊரூராத் திரிவானா? புள்ளை புடிக்கறவங்களா இருக்கப் போறாங்க, பாத்து."

"அய்யோ அம்மா! எங்க ஹெட்மாஸ்டர் பிரகாசம் சாரே அவுங்க கூட உக்காந்து டீ குடிக்கறாரு. ஒரு ஊருப் பசங்க எழுதுன கடுதாசிய அடுத்த ஊருப் பசங்களுக்குக் கொண்டு போயிக் குடுக்கறாங்க. எனக்குப் பெருந்துறைப் பக்கத்துல இருந்து ஒரு புள்ளை எழுதியிருக்குது, ரித்திகான்னு. அது ஊட்டுக் கெணறு இருவத்தெட்டுச் சொட்டாம்."

"சொட்டா?"

"உப்புப் பாக்கறது. நான் நாளைக்கு வந்து சொல்றேன்."

மறுநாள் காலை அவளே ராட்டினத்தில் வாளி விட்டு இறைத்து, பாட்டிலை நிரப்பி, மூடி திருகி, ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். கம்பஞ்சோறும் மோரும். தெய்வாத்தாள் அடுப்பங்கரையிலிருந்து பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டிலின் கழுத்தில் நுரை ஒரு மோதிரம்போல நின்றது. அதில் தன் மகளின் பேர். இது பள்ளிக்கூடத்து மேசையில் போய் உட்காரும். எல்லாரும் பார்ப்பார்கள். 'பாலுசாமி ஊட்டுக் கெணத்துக்கு என்ன வந்துது?' என்று ஒருவர் கேட்டால் போதும்.

"அம்மா, ஊறுகாய்."

"வாரேன் சாமி."

ஊறுகாய்ச் சாடியை எடுக்கப் போகிறவள்போலப் போனாள். பாட்டிலை எடுத்தாள். சாம்பல் குவியலில் கொட்டினாள். பித்தளைக் குடத்துப் பைப்புத் தண்ணியில் முக்கி நிரப்பினாள். அவசரத்தில் மூடி இரண்டு தரம் கீழே விழுந்தது. முந்தானையில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். அவ்வளவுதான். ஒரு வெற்றிலை போடுகிற நேரம்.

பொழுதோடு மகள் ஓடி வந்தாள், பை ஒரு பக்கம், ஜடை ஒரு பக்கம்.

"அம்மா! நம்முளுது அஞ்சே அஞ்சு! ஊர்லயே நம்ம கெணறுதான் பஸ்ட்டு!"

தெய்வாத்தாள் எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"மொதல்ல மஞ்ச மருந்து விடறாங்க. அப்பறம் வெள்ளை மருந்து, சொட்டுச் சொட்டா. தண்ணி செங்கக் கலருக்கு மாறி நிக்கோணும். அது வரைக்கும் நாங்க எண்ணோணும். சொட்டு சாஸ்தியாக சாஸ்தியாக உப்பும் சாஸ்தி. மருந்து பட்டுப் பட்டு லின்சி அக்கா வெரலெல்லாம் கறுப்பாயிருச்சு. பள்ளிக்கூடத்து போர் முப்பத்தொண்ணும்மா! மத்தவங்களுதெல்லாம் பதினெட்டு, இருவத்தி ரெண்டு. பிராங்க் அண்ணன் நம்ம பாட்டலைத் தூக்கித் தூக்கிப் பாத்தாரு. ஆத்துத் தண்ணி மாதிரியே இருக்குதேன்னாரு."

"வேற... வேற என்ன சொன்னாரு?"

"உங்க ஊட்டுக்கு வாரோம்னாரு."

சொல்லி வாய் மூடவில்லை, வேலிகளுக்கு நடுவே வரும் இட்டேரித் தடத்தில் வேன் சத்தம். பச்சை வேன், பக்கவாட்டில் குழந்தைகள் வரைந்த மரம், மீன், சூரியன். பிரகாசம் சார் முதலில் இறங்கினார். பின்னால் தாடி வைத்த ஒரு பையன், பாவாடை தாவணியில்லாமல் சுடிதார் போட்ட ஒரு பெண். விரல் நுனியெல்லாம் கரி.

"வாங்க சார், வாங்க அம்மணி. உக்காருங்க, மோரு கொண்டாரேன்." வாய் சொன்னது. கண் கிணற்று மேட்டிலேயே இருந்தது.

"ஒண்ணும் வேண்டாமுங்கம்மா. ஒரு ஒதவி கேட்டு வந்தமுங்க" என்றார் பிரகாசம் சார். "பள்ளிக்கூடத்து போர் குடிக்க ஆவாதுன்னு ஆயிருச்சுங்க. பைப்புத் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா வருது, சத்துணவுக்கே பத்தறதில்லை. உங்க கெணத்துத் தண்ணி தங்கமாட்ட இருக்குதுங்க. நாளையிலிருந்து சத்துணவு ஆக்கற காளியாத்தாளு ஒம்பது மணிக்கு வந்து, நாலு கொடம் எடுத்துக்கட்டுங்களா? கொழந்தைங்க குடிக்கறதுக்கும் சோறாக்கறதுக்கும்."

தெய்வாத்தாளுக்குக் காது அடைத்தது. எருமைக்கன்று காலை உதைத்துக்கொண்டு கிடந்தது கண்ணுக்குள் வந்தது. ஐம்பது பிள்ளைகள். ஐம்பது.

"அம்மா, கெணத்தை ஒருதடவை பாத்துட்டு வரட்டுங்களா?" என்று எழுந்தாள் லின்சி.

"வேண்டாம் அம்மணி! மேட்டுல... பாம்பு கெடக்குது. பொழுது உழுந்தா வெளிய வந்துரும். போவாதீங்க."

"எங்கம்மா பாம்பு? நான் பாத்ததே இல்லியே" என்றாள் மோகனப்பிரியா.

"நீ சும்மா இரு!"

அந்நேரம் பார்த்துப் பாலுசாமி மொபெட்டில் வந்து இறங்கினார். சார் அஞ்சு சொட்டு விவரத்தையும் சொல்லி, மறுபடியும் கேட்டார். தெய்வாத்தாள் சாருக்குப் பின்னால் நின்று, கண்ணாலேயே புருஷனைக் கும்பிட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பாலுசாமியும் பார்த்தார். 

"தண்ணிதானுங்களே சார்" என்றார். "தாராளமா எடுத்துக்குங்க."

வேன் போனதும் அவள் வெடித்தாள். "ஏனுங்க, என்னத்துக்குச் செரின்னு சொன்னீங்க?"

"தண்ணி கேட்டு வந்தவங்களுக்கு இல்லைன்னு சொல்றதா? அது எந்த ஊரு மொறை? நீ என்னத்துக்கு அஞ்சு சொட்டுன்னு ஆக்கி வெச்சே?"

"பயந்துட்டனுங்க. நான் பயந்துபோயி மாத்தி ஊத்திப்போட்டேன்."

பாலுசாமி கட்டிலில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "காத்தால பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள போயி, கெணத்துல பூனை உழுந்து செத்துக் கெடக்குதுன்னு சொல்லிப்போடறேன். பொறவு அவுங்களும் கேக்க மாட்டாங்க. விடு."

வெளியே ராட்டினம் கிறீச்சிட்டது. தெய்வாத்தாள் ஓடினாள். மகள் கிணற்று மேட்டில் நின்று, சொம்பை வாய்க்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தாள். ஒரே அடி. சொம்பு கல்லில் மோதி உருண்டது.

"எதுக்கம்மா அடிச்சே? நாளைக்கு எல்லாரும் குடிக்கப் போறாங்க, நான் மொதல்ல குடிச்சுப் பாக்கறேன்னு..."

"நாத்தம் அடிக்கறது தெரியலியா உனக்கு?"

"நாக்கும் மூக்கும் ஏமாத்தும், சொட்டு ஏமாத்தாதுன்னு லின்சி அக்கா சொன்னாங்க. நான் எண்ணுனேன்ம்மா. நானே எண்ணுனேன்."

தெய்வாத்தாள் உருண்ட சொம்பை எடுத்துக் கவிழ்த்தாள். "சளி புடிச்சுக்கும், உள்ள வா" என்றாள்.

மறுநாள் சந்தை நாள். பாலுசாமி எட்டரைக்கே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். மகள் பள்ளிக்குப் போனாள். பூனை விஷயம் முடிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் தெய்வாத்தாள் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, வரப்பில் புல் அறுத்துக் கட்டி, தலையில் சுமந்து பத்தரைக்கு வீடு வந்தாள்.

வாசலில் ஈரம்.

கிணற்று மேட்டிலிருந்து இட்டேரி வரைக்கும் கோடு போட்டாற்போல ஈரம். செம்மண்ணில் காய்ந்த ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ராட்டினக் கயிறு நனைந்து தொங்கியது. வாளிக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் காலடிகள், நாலைந்து பிள்ளைகளுடையது.

புல்கட்டு எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஓடினாள். அறுபது கிலோ உடம்பு, செருப்பில்லாத கால், ஒரு மைல். இட்டேரியில் கள்ளி நிழல்கூட இல்லை. மூச்சு நெஞ்சில் குத்தியது. மாரியாத்தா, அடுப்பு பத்தாம இருக்கோணும். விறகு ஈரமா இருக்கோணும். எந்தப் புள்ளையும் தாகம்னு கேக்காம இருக்கோணும். வாயில் இதையே சொல்லிக்கொண்டு ஓடினாள். கோயில் திருப்பத்து டீக்கடை பெஞ்சில் ஒரு வெள்ளை வேட்டி உட்கார்ந்திருந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகையில் காளியாத்தாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"வா அக்கா. என்னமோ போ, ஒரு மணி நேரமா எரிக்கறேன், பருப்பு கல்லாட்டக் கெடக்குது. வேவவே மாட்டீங்குது. பருப்பு பழசா, என்ன எழவோ."

தெய்வாத்தாள் அண்டாவைப் பார்த்தாள். பருப்புக்கு மேலே நுரை. பருப்பு வேகவில்லை. இன்னும் யாரும் சாப்பிடவில்லை. அழுகை வந்தது. "குடிக்கற தண்ணி? குடிக்கற தண்ணி எங்கடி?"

"அதா, தாழ்வாரத்து டிரம்முல ஊத்தியாச்சு."

டிரம்முக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், இடைவேளை. முதலில் நின்ற பொடியன் டம்ளரை வாயில் வைத்து, முகத்தைச் சுளித்தான். தெய்வாத்தாள் டம்ளரைப் பிடுங்கி எறிந்தாள். "துப்பு! துப்பு சாமி!" டிரம்மை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி, இடுப்பால் முட்டித் தள்ளினாள். மாசி மாத வறட்சியில், ஒரு டிரம் தண்ணீர், தாழ்வாரம் முழுக்க ஓடி வாசலில் இறங்கியது.

பள்ளிக்கூடமே அசையாமல் நின்றது. பஞ்சகாலத்தில் தண்ணீரைக் கொட்டினவளை எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார்கள்.

"ஏனுங்கம்மா இது?" பிரகாசம் சார் ஓடி வந்தார். வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த பிராங்கும் லின்சியும் வந்தார்கள்.

"அவரு... எங்கூட்டுக்காரரு வந்து சொல்லலீங்களா?"

"வந்தாருங்களே. வணக்கம் சொன்னாரு. வெயில் சாஸ்தியா இருக்குதுன்னாரு. சித்தெ நேரம் நின்னாரு, போயிட்டாரு."

தெய்வாத்தாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் மகள் முகம் தெரிந்தது. அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தப் பாட்டலு எங்க கெணத்துத் தண்ணி இல்லீங்க சார். எம்புள்ளை ஊத்தி வெச்சதைக் கொட்டிப்போட்டு, நான் பைப்புத் தண்ணிய ஊத்தி அனுப்பிச்சேன். அந்தப் புள்ளைக்குத் தெரியாதுங்க. அது மேல தப்பில்லீங்க. ஆரும் அதைக் குடிக்க வேண்டாமுங்க."

 "எத்தனை பேரு குடிச்சீங்க?" என்று கேட்டாள் லின்சி. மூன்று கை உயர்ந்தது. "ஒரே மடக்குதான்க்கா, கசந்துது, துப்பிட்டோம்" என்றான் பொடியன். அவர்களை உட்காரவைத்து வேனிலிருந்த தண்ணீரைக் கொடுத்தாள். தெய்வாத்தாள் அந்த மூன்று பேரின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிராங்க் வேனிலிருந்து மருந்துப் பெட்டியை இறக்கினான். காளியாத்தாளின் குடத்தில் அடித் தண்ணீர் கொஞ்சம் இருந்தது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் அதை ஊற்றி மேசைமேல் வைத்தான். மஞ்சள் மருந்து. பிறகு வெள்ளை மருந்து, ஒரு சொட்டு. சிவந்தது, மறைந்தது.

"ஒண்ணு" என்றான் பொடியன். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பத்து. இருபது. முப்பத்தொன்றைத் தாண்டியபோது குரல்கள் சின்னதாகின. நாற்பதில் முக்கால்வாசிப் பேர் நிறுத்திவிட்டார்கள். ஐம்பதுக்குப் பிறகு ஒரே ஒரு குரல்தான் எண்ணியது. மோகனப்பிரியாவுடையது. அழுகையில் உடைந்து உடைந்து, ஆனால் ஒரு சொட்டையும் விடாமல்.

"அறுவத்தி நாலு."

செங்கல் நிறம் நின்றது. அவள் கரும்பலகைக்குப் போனாள். தன் பேருக்கு நேரே இருந்த 5-ஐ உள்ளங்கையால் அழித்து, 64 என்று எழுதினாள். வேனிலிருந்த கடிதப் பெட்டியைத் திறந்து, அஞ்சு சொட்டு என்று ரித்திகாவுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அம்மா பக்கம் திரும்பவில்லை.

"இவ்வளவு எங்கிருந்துங்கம்மா வந்துது?" என்று பிராங்க் மெதுவாகக் கேட்டான்.

இதுதான். இந்தக் கேள்விக்குத்தான் ரெண்டு மாதமாக அவள் பயந்தது.  மகன் முகம் முன்னால் வந்து நின்றது.

"வாங்க, காட்டறனுங்க."

வாசலில் பாலுசாமி. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்திருந்தார். எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று தெரியாது. குழந்தைகள் எண்ணியது கோயில் திருப்பம் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லாத மனிதர், அன்றைக்கும் சொல்லவில்லை.

ஐம்பது பிள்ளைகளும் வரிசையாக நடந்தார்கள். உச்சிவெயில். தெய்வாத்தாள் கடைசியில் நடந்தாள். மகள் முதலில், கையில் காலிப் பாட்டில், பிளாஸ்திரியில் அவள் பேர். பாறைக்குழி ஓரத்தில் எல்லோரும் போய் நின்றார்கள். கரும்பச்சையும் ஊதாவும் கலந்து, வெயிலில் எண்ணெய்போல மின்னிக்கொண்டு கிடந்தது தண்ணீர். ஓரத்து வேலாமரமெல்லாம் கருகி நின்றது. மூக்கைப் பொத்திக்கொண்டார்கள் பிள்ளைகள்.

அப்போது கேட்டது அந்தச் சத்தம். தெய்வாத்தாளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். சந்தை நாள் அல்லவா.

"ஏனுங்க" என்று புருஷனின் கையைப் பிடித்தாள். "பையன் வாரானுங்க."

புழுதியைக் கிளப்பிக்கொண்டு டேங்கர் லாரி வளைவில் திரும்பியது. ஆளில்லாத காடு என்று வந்தவர்கள், குழியைச் சுற்றி ஐம்பது பிள்ளைகளைக் கண்டதும் அப்படியே நின்றார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் அருள்குமார். முதலில் அம்மாவைப் பார்த்தான், பிறகு அப்பனை, பிறகு சாரை. முகத்தில் ரத்தமில்லை. டிரைவர், "திருப்பட்டுமா?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

மோகனப்பிரியா வரிசையை விட்டு வெளியே போனாள். "கண்ணு, போவாதே!" என்று தெய்வாத்தாள் கத்தினாள். அவள் நிற்கவில்லை. லாரியின் பின்பக்கம், குழாய் சொட்டிக்கொண்டிருந்த இடத்தில் நின்று, பாட்டிலின் மூடியைத் திருகினாள்.

"அண்ணா" என்றாள். "எறங்கி வந்து, இதுல கொஞ்சம் புடிச்சுக் குடு. எண்ணோணும்."

அருள்குமார் கையை நீட்டி, சாவியைத் திருகி என்ஜினை நிறுத்தினான். பிறகு இறங்கினான்.

அவன் குழாய் மூடியைத் திருகிப் பிடித்தான், பாதி வெளியே சிந்தியது. மீதி பாட்டிலில் விழுந்தது.

அவ்வளவுதான் கதை. உங்கள் ஊர்க் கிணறு எப்படி இருக்கிறது? எந்த வருஷத்திலிருந்து பருப்பு வேகவில்லை, முதலில் அதைக் கவனித்தது யார், கவனித்ததும் வாயைத் திறந்தார்களா மூடினார்களா, கொட்டினவன் அந்நியனா உங்கள் வீட்டுப் பிள்ளையா? கை ஒழிந்தபோது நாலு வரி எழுதிப் போடுங்கள். பேர் போட பயமாக இருந்தால் பேர் வேண்டாம். சொட்டு மட்டும் எழுதுங்கள், போதும்.